இரண்டாண்டுப் போதகர்கள்

வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து, மார்பில் கறுப்புப் பெயர்ச்சீட்டைக் குத்திக்கொண்டு, உலகெங்கும் இருவர் இருவராகவே நடமாடும் மார்மன் வாலிபர்களைக் கண்டு நகைப்பவர்களும் உண்டு. தேசத்தை மதம் மாற்றப் புறப்பட்ட சேனையென்று அஞ்சுகிறவர்களும் உண்டு. 1993 ஜனவரி முதல் அவர்களுடைய தனி மிஷனுக்குத் தலைமையிடமாக இருந்துவரும் பெங்களூரில் இவ்விரு தரத்தாரையும் காணலாம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அச்சபையோடு எனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. அதன் கொள்கைகளில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆயினும் அவ்வாலிபர்களிடத்தில் நகைப்பதற்கோ அஞ்சுவதற்கோ ஒன்றுமில்லை என்பதும், குறை உண்டென்றால் அது அவர்களை அனுப்பிவைக்கும் முறையில்தான் உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் அவர்களுடைய நியமத்தைச் சொல்லவேண்டும். காலை ஆறரை மணியளவில் எழுந்து, தேகப்பயிற்சியும் பிரார்த்தனையும் முடித்து, தனியாகச் சிறிது நேரமும் துணைவனோடு சிறிது நேரமும் வேதம் வாசித்து, பிறகு வெளியே கிளம்பி, இரவு பத்தரைக்குள் விளக்கணைத்துப் படுத்துவிடவேண்டும். இடைப்பட்ட பொழுதில் சினிமா இல்லை, தொலைக்காட்சி இல்லை, பெண்களோடு சிநேகம் இல்லை, துணைவனை விட்டுத் தனியே தெருமுனைவரை போவதும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் காய்கறி வாங்கவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் ஒழிவு. பெற்றோரோடு தொலைபேசியில் பேசுவதற்கு வருஷத்தில் இரண்டே நாட்கள் என்றிருந்த கண்டிப்பு 2019-இல்தான் தளர்ந்து, வாரத்துக்கொரு முறை என்றாயிற்று. ஆண்களுக்கு இரண்டாண்டு, பெண்களுக்கு ஒன்றரையாண்டு, சம்பளம் கிடையாது, செலவைத் தாங்களோ தங்கள் குடும்பமோ கூடியவரை தாங்கவேண்டும். ஆண்கள் புறப்படும் வயது 2012-இல் பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. மீசை அரும்பும் அந்தப் பருவத்திலேயே 'எல்டர்' (மூப்பர்) என்ற பட்டமும் வந்துவிடுகிறது! நம் வீட்டுப் பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கைப்பேசியிலிருந்து கால்மணி நேரம் பிரிப்பதற்கு நாம் படும் பாட்டை எண்ணிப்பார்த்தால், இந்தப் பிரம்மசரிய அனுஷ்டானத்தைக் கேலி செய்ய நமக்கு வாய் வராது.

1833-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஆரோக்கிய விதியொன்றின்படி அவர்களுக்கு மதுவும் புகையிலையும் மட்டுமல்ல, காப்பியும் தேநீரும்கூட விலக்கு. வந்தவருக்கு டபராவில் நுரை பொங்கக் காப்பி கொடுப்பதையே அதிதி பூஜையாகக் கருதும் இவ்வூர்த் தமிழ் வீடுகளில் இதைவிடச் சங்கடமான விரதம் வேறென்ன இருக்க முடியும்? மோர் என்று ஒன்று இருந்ததோ, விருந்தோம்பலின் மானம் பிழைத்ததோ!

இனி, அவர்கள் போதிக்கும் விதத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் ஆறு பாடங்களை எழுத்துப் பிசகாமல் நெட்டுருச் செய்து ஒப்பித்துவந்தார்கள். 2004-இல் வெளிவந்த 'என் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்' என்னும் கையேடு அந்த வழக்கத்தை நீக்கி, கேட்பவரின் நிலையறிந்து சொந்த வார்த்தைகளில் பேசவும், பாடங்களின் வரிசையை வேண்டியபடி மாற்றிக்கொள்ளவும் இடங்கொடுத்தது. ஆனாலும் அதில் முதற்பாடமாக நிற்பது, அப்போஸ்தலர்களுக்குப் பின் திருச்சபை வழி தவறிப்போயிற்று என்பதும், 1820-இல் நியூயார்க் மாகாணத்துக் கிராமமொன்றில், எந்தச் சபை உண்மையானது என்று தெரியாமல் கலங்கிய பதினாலு வயது ஜோசப் ஸ்மித் தோப்பொன்றில் முழந்தாளிட்டுப் பிரார்த்தித்துத் தரிசனம் பெற்றான் என்பதுமேயாகும். மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் பிரெஸ்பிடேரியன்களும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்ற ஊரில் அது உயிருள்ள கேள்விதான். அல்சூரில் சோமேசுவரர் கோயில் வாசலில் பூக் கட்டும் ஒரு பாட்டிக்கு அந்தச் சண்டை எங்கே தெரியும்? வாதியையும் அறியாத, பிரதிவாதியையும் அறியாத வழக்கில் தீர்ப்பை மட்டும் கேட்டு அவள் என்ன செய்வாள்?

அந்தப் பாட்டியின் கூடத்தில் இவ்விருவரும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பேத்தி ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வருகிறாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பாட்டி, "அது சரிப்பா, எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு, அவருக்கு உங்க சாமி என்ன செய்யும்?" என்று கேட்கிறாள். மற்றக் கிறிஸ்தவப் போதகர்களில் பலரைத் திக்குமுக்காட வைக்கக்கூடிய இந்தக் கேள்விக்கு மார்மன்களிடம் பதில் ஒன்று தயாராக இருக்கிறது. இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் பதிலாளாக ஞானஸ்நானம் பெறலாம், அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் இஷ்டம் என்பது அவர்களுடைய சித்தாந்தம். அதற்காகவே உலகத்து வம்சாவளிகளையெல்லாம் திரட்டி, சபையின் தலைமையிடமான யூட்டாவில் கிரானைட் மலையைக் குடைந்து அமைத்த பெட்டகத்தில் மைக்ரோபிலிம் சுருள்களாகச் சேமித்துவைத்திருக்கிறார்கள். பெங்களூருக்கென 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் வேலை தொடங்கப்பட்ட ஆலயத்தின் பிரதான காரியங்களில் ஒன்றும் இதுவேதான்; ஆலயம் இல்லாத காலத்தில் இத்தகைய சடங்குகளுக்காக இந்நாட்டு அங்கத்தினர்கள் ஹாங்காங் வரையில் போகவேண்டியிருந்தது. மகாளய அமாவாசையன்று படையலிட்டுக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டே தான் உண்ணும் பாட்டிக்கு இதைவிட எளிதில் விளங்கக்கூடியது வேறொன்றில்லை. அவள் ஏற்றுக்கொள்வாள் என்று நான் சொல்லவில்லை, சண்டையாவது போடுவாள். ஆனால் யாரோ எங்கோ கண்ட தரிசனத்தைப் பற்றியல்லாமல், தன் கணவரைப் பற்றியும் தன் கடனைப் பற்றியும் பேசுவாள்.

இந்தச் சம்பாஷணை நிகழவேண்டுமானால், காக்கைக்கு ஏன் சோறு வைக்கிறாள் என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதற்குத்தான் முறை இடங்கொடுப்பதில்லை. ஆறு வாரத்துக்கொரு முறை இடமாற்றப் பட்டியல் வருகிறது. ஒரே பேட்டையில் சில மாதங்கள் தங்கினாலே அதிகம். பெங்களூரில் பெரும்பாலும் ஆங்கிலத்தைக் கொண்டே காரியம் நடந்துவிடுவதால் மொழியும் வந்து சேர்வதில்லை.

சென்னைக்கு வந்த முதல் மார்மன் போதகர்களின் சரித்திரமும் இதையே சொல்கிறது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரத்தில் கூடிய மகாநாட்டில் இந்தியாவுக்கென்று ஆட்களை நியமித்தார்கள். அதே மகாநாட்டில்தான் பலதார மணம் தங்கள் கொள்கையென்று பகிரங்கமாக அறிவித்தார்கள். (பின்னர் 1890-இல் அதைக் கைவிட்டார்கள்.) பிரசாரகனுக்கு இதைவிடக் கனமான மூட்டையை யார் கட்டிக்கொடுக்க முடியும்? 1853-இல் கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்த ரிச்சர்ட் பாலன்டைன், மறு ஆண்டில் சொந்தப் பத்திரிகையே நடத்திப்பார்த்தார். ஓராண்டளவில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அவர் பேசியதெல்லாம் பெரும்பாலும் பட்டாளத்து வெள்ளைக்காரர்களோடும் ஆங்கிலோ-இந்தியர்களோடும்தான். மயிலாப்பூர் வீதிகளுக்கு அவர் வந்துபோன செய்தியே எட்டியிராது.

இவர்களுக்குச் சற்று முந்தி, 1839-இல், பத்தொன்பது வயதில் சென்னையில் வந்திறங்கிய போப் என்ற ஒரு வாலிபப் போதகர் இருந்தார். கண்டிப்புக்கும் முன்கோபத்துக்கும் பேர்போன மனிதர்தான். ஆனால் இராமாநுஜ கவிராயரிடம் அமர்ந்து இலக்கணம் படித்தார், சாயர்புரத்தில் பள்ளி நடத்தினார், கடைசியில் இதே பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராகப் பல்லாண்டு இருந்தார், இங்கிலாந்து திரும்பிய பின் 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். போப்பையர் எத்தனை பேரைக் கிறிஸ்தவராக்கினார் என்பதை இன்று யாரும் விசாரிப்பதில்லை. அவரைப் போல் நாற்பதாண்டு இருங்கள் என்று இந்தப் பிள்ளைகளிடம் கேட்பது நியாயமல்ல; ஆனால் இருக்கும் இரண்டாண்டில் ஒரு மொழியையாவது கேட்கலாமல்லவா?

மண்ணையும் மொழியையும் அறிந்தவர் கையிலேயே விதை முளைக்கும் என்பதற்கு மார்மன் சபைக்குள்ளேயே அத்தாட்சி உண்டு. பழைய புத்தகங்களுக்கிடையே அகப்பட்ட துண்டுப்பிரசுரமொன்றைப் படித்துவிட்டு யூட்டாவுக்குக் கடிதம் எழுதி, 1965-இல் ஞானஸ்நானம் பெற்ற கோயம்புத்தூர்த் தமிழரான பால் திருத்துவதாஸ், பயிற்சியும் பாடவரிசையும் இல்லாமலே, சுற்றுவட்டாரத்தில் சிறு சிறு குழுக்களையும் குழந்தைகளுக்குப் பள்ளிகளையும் அமைத்தார். ஐதராபாத்தில் 1978-இல் விதை ஊன்றியவர்களும் எட்வின், எல்ஸி தர்மராஜு என்ற தெலுங்குத் தம்பதிகளே. பெங்களூர் மிஷனின் முதல் தலைவர் குர்சரண் சிங் கில் ஒரு பஞ்சாபியர். அந்நியன் வந்து மயக்கிவிட்டான் என்று கூக்குரலிடுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

கூக்குரல் சட்டமாகவும் வந்தது. மதம் மாற விரும்புகிறவர் முப்பது நாள் முன்னதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிக்கவேண்டும் என்று கர்நாடகம் 2022-இல் சட்டம் செய்தது. அடுத்த ஆண்டு ஜூனில் புதிய மந்திரிசபை அதை நீக்கத் தீர்மானித்தது. மதத்தைப் பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று சுப்ரீம் கோர்ட் 1977-இலேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நான் குறைசொல்லவில்லை. வற்புறுத்தலையும் வஞ்சனையையும் தண்டிக்கட்டும். ஆனால், போதகனோடு வாதாடத் தெரிந்த பாட்டியைத் தன் மனத்தை மாற்றிக்கொள்ளுமுன் அதிகாரியிடம் மனுப்போடச் சொல்வது அவளைக் குழந்தையாக்குவதன்றி வேறென்ன? அஞ்சுவதற்கும் காரணமில்லை: இத்தனை ஆண்டுப் பிரயத்தனத்துக்குப் பின்னும் இத்தேசத்தில் மார்மன்களின் தொகை பெரிதாக வளரவில்லை.

யூட்டாவில் புரோவோ நகரத்துப் பயிற்சிச்சாலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்பிக்கும் சபைக்கு, பெங்களூருக்கு வரும் ஒவ்வொருவரையும் முதல் சில மாதங்கள் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ உட்காரவைப்பது பெரிய காரியமல்ல. ஒருவரை ஒரே பேட்டையில் ஓராண்டாவது விட்டுவைப்பதும் பெரிய காரியமல்ல. அவ்வளவு காலத்தில் மளிகைக் கடைக்காரருக்கு அவனுடைய பெயர் தெரியும், அவனுக்கு அமாவாசை தெரியும். இந்திய வாலிபர்களைப் பயிற்சிக்காக மணிலாவுக்கு அனுப்பி, பிறகு விஜயவாடாவுக்கோ கோயம்புத்தூருக்கோ திருப்பி அனுப்பும் விநோதத்தையும் அப்போது மறுபரிசீலனை செய்யலாம்.