விங் சுன் என்னும் சீனக் கைப்போர்

கைப்போர்க் கலைகளுள் சீனரது விங் சுன் என்பது இந்நாளில் மாணவர் பலர் நாவில் வழங்குகின்றது. ஈப் மேன் என்னும் ஆசிரியரைப்பற்றி 2008-ஆம் ஆண்டு முதலாக வெளிவந்த திரைப்படங்களே இதற்குக் காரணம். தனியொருவர் பதின்மரை வீழ்த்தும் காட்சியைக் கண்டு களித்தோர், கலையின் உண்மையை ஆராயாது விடுத்தனர். அதன் தோற்றத்தைக் கூறும் கதைகளை எவ்வளவு நம்பலாம் என்பதும், அக்கதைகளை நீக்கிய பின்னும் அதனைப் பயில்வதால் விளையும் பயன் உண்டோ என்பதுமே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தவை.

சிங் மரபினராகிய மஞ்சு அரசர் ஷாவ்லின் மடத்தைத் தீக்கிரையாக்கியபோது உயிர்தப்பிய ங் மூய் என்னும் பெண் துறவி, பாம்பும் நாரையும் தம்முட் பொருதலைக் கண்டு ஒரு போர்முறை வகுத்தனள் என்ப. அவளிடம் அதனைக் கற்ற யிம் விங் சுன் என்னும் கன்னி, தன்னை வலிந்து மணக்க முயன்ற முரடனொருவனை வென்றனள் என்றும், அவள் பெயரே கலைக்கு ஆயிற்று என்றும் கர்ணபரம்பரை கூறும். கதை இனிதே. ஆயினும், ங் மூய் வீரக்கதை நூல்களில் உலாவுகின்றனளேயன்றிச் சரித்திர ஏடுகளில் உறுதிப்பட்டிலள்.

உறுதியான நிலம் குவாங்டுங் மாகாணத்து ஃபோஷான் நகரிலேதான் நமக்குக் கிட்டுகின்றது. செந்நிறப் படகுகளில் ஊர் ஊராகச் சென்று நாடகமாடிய கூத்தர் கைப்போர் வல்லவர்களாயிருந்தனர். 1854-இல் லீ வென்மாவ் என்னும் நடிகர் அரசை எதிர்த்துக் கலகஞ் செய்ய, அரசாங்கத்தார் நாடகத்தையே தடைசெய்தனர். அக்கூத்தர் வழியாகக் கலையைப் பெற்றவர் லியூங் ஜான் (1826–1901) என்னும் ஃபோஷான் வைத்தியர் என்பது அப்பரம்பரையார் கொள்கை. அவர் மாணவர் சான் வா சுன், நாணயம் மாற்றும் தொழிலினர். சான் வா சுன்னின் மாணவரே ஈப் மேன் (1893–1972). துறவியைக் காட்டிலும் கூத்தரையும் வைத்தியரையும் நாணயம் மாற்றுவோரையும் மூதாதையராகக் கொள்ளுதல் இழிவென்று கருதுவார் உளரேல், அவர் கருத்து எமக்கு உடன்பாடன்று. பிழைப்புக்காகப் பகலெல்லாம் உழைத்து, எஞ்சிய பொழுதிற் கலையைக் காத்தவர் இவர்.

நம்மவர்க்கு மற்றொரு பற்றும் உண்டு. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே ஷாவ்லினுக்குப் போர்க்கலை கற்பித்தார். ஆதலின் சீனர் கலையெல்லாம் நமதே என்பர். 2011-இல் வெளிவந்த ‘7ஆம் அறிவு’ என்னும் திரைப்படத்துக்குப் பின் இவ்வுரை மிக்கது. போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல், 547-ஆம் ஆண்டினது, அவரைப் பாரசீகர் என்கின்றது. தென்னிந்தியர் என்னும் குறிப்பும் பழையதே. அவர் பிறப்பிடம் எதுவாயினும் ஆகுக. அவர் போர்க்கலை கற்பித்தார் என்பதற்குக் காட்டப்படும் நூல் அவருக்கு ஓராயிரம் ஆண்டு பிற்பட்டது. இதனை 1930-இலேயே தாங் ஹாவ் என்னும் சீன ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். சீனர் தம் பழங்கதையைத் தாமே சோதித்துத் தள்ளியிருக்க, அதனை நாம் எடுத்து அணிந்துகொள்ளுதல் என்ன பெருமை? நம் சிலம்பத்துக்கு ஆசிரியர் அருகிவரும் ஊர்கள் பல இருக்கவும், பிறர் கலைக்குத் தந்தைமை கோருகின்றோம்.

இனிப் பயனைப்பற்றிச் சிறிது விரிவாகவே கூறுவோம். இக்கலையின் முதற்பாடம் சியூ நிம் தாவ் எனப்படும். ‘சிறு கருத்து’ என்பது அதன் பொருள். கால்களைப் பெயர்க்காது, ஆட்டுக்குட்டியைத் தொடைகளிடை இடுக்கி நிற்பார் போல முழங்கால்களை உட்சாய்த்து நின்று, கைகளை மட்டுமே இயக்குதல் வேண்டும். அதன் முற்பகுதியை மிக மெல்லச் செய்வர். புதிதாய்ப் பயில்வோனுக்கு இது சலிப்பைத் தரும். தன் தோள் காரணமின்றி இறுகியிருப்பதை அவன் முதன்முதல் அறிவதும் அப்பொழுதே. முழங்கை உடலின் நடுக்கோட்டைக் காத்து நிற்க, குத்து அக்கோட்டின் வழியே நேராகச் செல்லும். வளைந்து வரும் கையினும் நேரே செல்லும் கை குறுகிய வழியது என்பதே இதன் கணிதம்.

சீ சாவ், அஃதாவது ‘ஒட்டுங்கை’, என்னும் பயிற்சி இதனினும் வியப்பானது. இருவர் எதிர்நின்று முன்கைகளை ஒன்றோடொன்று பொருத்தி உருட்டுவர். ஒருவன் அழுத்தின் மற்றவன் இடங்கொடுப்பான். அவன் கை விலகின் இவன் கை அவ்வழியே புகும். கண் காணுமுன் தோல் உணர்கின்றது. வலிந்து தள்ளுவோன் தோற்பதும், சினந்தவன் தன் எண்ணத்தைக் கையாலேயே பகைவனுக்கு அறிவித்துவிடுவதும் இங்கே கண்கூடு. பொறுமையைப் புத்தகத்தில் எவ்வளவு படித்தாலும் இவ்வாறு முன்கையில் விளங்குவதில்லை.

இக்கலை கற்றோர் எவரையும் வெல்வர் என்பது வீண்புகழ். இஃது அணுகி நின்று பொருதற்கு உரியது. தொலைவில் நிற்பவனையும், கட்டிப் புரண்டு நிலத்தில் வீழ்த்தும் மல்லனையும் எதிர்க்க வேறு பயிற்சியும் வேண்டும். ஈப் மேனிடம் பயின்று 1959-இல் அமெரிக்கா சென்ற புரூஸ் லீயும், இதனோடு நில்லாமல் வேறு முறைகளையும் சேர்த்துக்கொண்டார். மெலிந்த பெண் வலிய ஆடவனை எளிதில் வீழ்த்துவாள் என்று விளம்பரஞ் செய்தல் ஆபத்தானதுமாம். நம்பி வந்த பெண்ணுக்கு அது தீங்கு.

எனினும் இதனை நம் மாணவர்க்கு யாம் பரிந்துரைக்கத் துணிந்தது ஏனெனின், நம் கல்லூரிகளில் தேகப்பயிற்சி என்பது பந்தாட்டக் குழுவிற் சேரும் சிலருக்கே உரியதாகிவிட்டது. ஏனையோர் எல்லைக்கோட்டின் புறத்தே நின்று கைதட்டுகின்றனர். மெலிந்தவனும், கண்ணாடி அணிந்தவனும், ஓடமாட்டாதவனும் கற்கத்தக்க கலை ஒன்று வேண்டாவோ? செல்வக்குடியிற் பிறந்து, இளமையில் ஹாங்காங் மிஷன் பள்ளியொன்றிற் பயின்ற ஈப் மேன், பின்னர் வறியராய் அந்நகரஞ் சேர்ந்து, 1950-இல் கற்பிக்கத் தொடங்கியது உணவுச்சாலைத் தொழிலாளர் சங்கத்திலே. அங்கே மைதானமில்லை. ஃபோஷானில் நிலத்தில் நடப்பட்டிருந்த மூன்று கையும் ஒரு காலும் உடைய மரப்பொம்மையை, மாடிவீட்டின் சுவரிற் சட்டங்களிடைப் பொருத்திக்கொண்டனர். நமக்கோ விடுதித் தாழ்வாரம் உண்டு. பொம்மை செய்யத் தச்சரும் உளர். தக்க ஆசிரியர் ஒருவரை வாரம் இருமுறை வரவழைப்பதே செய்ய வேண்டிய செலவு. அதனை அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திற் சேர்க்குமாறு தேகப்பயிற்சிக் கழகத்தாரை வேண்டுகின்றோம்.