தங்க ஊரின் ஜெபம்

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. சாட்சி சொல்லும் நேரத்தில் ஓர் அம்மாள் எழுந்தார். மகன் வாரம் முழுவதும் ரயிலைத் தவறவிடாமல் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அதே மூச்சில், வீட்டுக் கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்ற வழி பிறக்க ஜெபியுங்கள் என்றார். என்னுடன் வந்த நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கடவுளிடம் போய்த் தகரமா?

முக்தியைக் கேட்பது உயர்ந்த பக்தி, பொருளைக் கேட்பது மட்டம் என்ற எண்ணம் படித்தவர்களிடம் உண்டு. ஆனால் குண்டையூரில் கிடைத்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று சிவனிடமே கேட்டவர் சுந்தரர். இயேசு சீடர்களுக்குக் கற்றுத்தந்த ஜெபத்திலும் இறையரசுக்கும் பாவமன்னிப்புக்கும் நடுவே உணவு இருக்கிறது. அங்கே கேட்பது ‘எனக்கு’ அல்ல, ‘எங்களுக்கு’.

நன்றியோடு கேளுங்கள் என்று எழுதியவர் பவுல். பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய அந்தக் கடிதத்தை அவர் சிறையிலிருந்து எழுதினார். அந்தப் பிலிப்பியும் ஒரு தங்க ஊர்தான். அருகிலிருந்த சுரங்கங்களுக்காகவே மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் கி.மு. 356இல் அதைக் கைப்பற்றித் தன் பெயரைச் சூட்டினான். கோலார் தங்கவயல் சபைகளில் இந்தக் கடிதம் வாசிக்கப்படும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

இங்கே 1880களில் தொடங்கிய நவீனச் சுரங்க வேலை 2001 பிப்ரவரி 28 அன்று நின்றது. அதுவரை எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்கிறார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பூமிக்கடியில் பாறை வெடிப்பதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஷிப்ட் முடிந்து ஆள் உயிரோடு மேலே வருவதே நன்றிக்குரிய விஷயமாக இருந்தது. சுரங்கம் மூடிய பின் கேட்க வேண்டியவை கூடின: வேலை, பள்ளிக் கட்டணம், வராத பாக்கித் தொகை.

இப்படிப்பட்ட ஊரில் இரண்டு விதமான உபதேசம் எளிதில் விலைபோகும். காணிக்கை போடு, பத்து மடங்காக வரும் என்பது ஒன்று. அது ஜெபத்தை வியாபாரமாக்குகிறது. இருப்பதற்கு நன்றி சொல்லிவிட்டுப் பேசாமல் இரு என்பது மற்றொன்று. அது நன்றியைக் கொண்டே வாயை அடைக்கிறது. வேலை இழந்தவனிடம் சொல்லும்போது, இரண்டாவது மேலும் கொடுமையானது.

ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாளிடம் பேசினேன். கணவர் சுரங்கத்தில் இருந்தவர். பாக்கிக்காக எத்தனையோ முறை மனு கொடுத்திருக்கிறார்களாம். “மனு குடுக்கறது வேற, ஆண்டவர்கிட்ட கேக்கறது வேற தம்பி. ரெண்டையும் நான் விடல” என்றார். அப்படியானால் நன்றி எதற்கு என்று கேட்டேன். “இதுவரைக்கும் பட்டினி போடலியே. அதை மறந்துட்டு புதுசா கேட்டா நல்லாவா இருக்கும்?”

நன்றி, கேட்பதற்கு முன்பணம் அல்ல. கேட்காமல் இருப்பதற்கு ஒப்பந்தமும் அல்ல. ஏற்கெனவே கிடைத்ததை மறக்காமல் கேட்பது, அவ்வளவே. அப்படிக் கேட்பவருக்குத் தன் தேவை எவ்வளவு என்று தெரியும். தங்கத்துக்கு மேலே குடியிருந்தும் அவர் கேட்டது தகரம்தான்.

பவுலின் கடிதம் ஒரு வகையில் ரசீதும்கூட. எப்பாப்பிரோதீத்து என்பவர் மூலம் பிலிப்பியர் அனுப்பிய உதவி வந்து சேர்ந்தது என்று கடைசியில் எழுதுகிறார். ஜெபத்துக்குப் பதில் ஓர் ஆள் கையில் வந்தது.

நாங்கள் கிளம்பும்போது கோயில் வாசலில் இரண்டு பேர் அந்த அம்மாளை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்: “எத்தனை ஷீட்டு வேணும்க்கா?”

நண்பர் இப்போது சிரிக்கவில்லை.