கொடியின் மேல்மூலை

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் கடற்கரையில் நிற்போர், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களைக் காணலாம். தெற்கே சென்னைத் துறைமுகமும், வடக்கே இன்று காமராசர் பெயர் தாங்கும் எண்ணூர்த் துறைமுகமும் அவற்றிற்கு இடமளிக்கின்றன. இந்திய வணிகக் கப்பலின் பின்புறத்தில் பறப்பது செந்நிறக் கொடி. அதன் மேல்மூலையில் மூவண்ணக் கொடி விளங்கும். கடலோரக் காவற்படையின் கொடியோ நீலநிறம் உடையது. அதன் மேல்மூலையிலும் மூவண்ணமே உண்டு. இச்செம்மையும் நீலமும் எங்கிருந்து வந்தன?

இங்கிலாந்தின் கொடி, வெண்ணிறத்தில் செஞ்சிலுவை. ஸ்காட்லாந்தின் கொடி, நீலத்தில் சாய்ந்த வெண்சிலுவை. 1606-ஆம் ஆண்டில் இவ்விரண்டும் இணைக்கப்பெற்றன. 1801-இல் அயர்லாந்தைக் குறிக்கும் சாய்ந்த செஞ்சிலுவையும் சேர்ந்தது. இதுவே ‘யூனியன் ஜாக்’ எனப்பட்டது. பிரிட்டிஷ் கப்பற்கொடிகளின் மேல்மூலையில் இதுவே இடம்பெற்றது. 1864-இல் போர்க்கப்பலுக்கு வெண்மை, வணிகக் கப்பலுக்குச் செம்மை, அரசுப் பணிக் கப்பலுக்கு நீலம் என வகுத்தனர். குடியேற்ற நாடுகளின் அரசுகள் நீலக் கொடியில் தத்தம் சின்னத்தைப் பொறித்துக்கொண்டன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் கொடிகள் இவ்வழி வந்தவையே.

விடுதலை பெற்ற நாடுகள் ஒரே வழியில் செல்லவில்லை. கனடா 1965-இல் மேப்பிள் இலைக் கொடியை ஏற்றது. நியூசிலாந்து மக்கள் 2016-இல் வாக்களித்துப் பழைய கொடியையே நிலைநிறுத்தினர்.

இந்திய அரசியல் நிர்ணய சபை 1947 சூலை 22-இல் மூவண்ணக் கொடியை ஏற்றது. இராயபுரத்திற்குத் தெற்கே உள்ள புனித ஜார்ஜ் கோட்டையில் ஆகஸ்டு 15-ஆம் நாள் அக்கொடி உயர்ந்தது. அக்கோட்டைக்குப் பெயர் தந்த புனிதரின் செஞ்சிலுவையோ, கடற்படைக் கொடியில் நிலைத்தது. 1950-இல் மேல்மூலையில் மூவண்ணம் ஏறியும் சிலுவை நீங்கவில்லை. 2001-இல் அஃது அகற்றப்பட்டது. புதிய நீலச் சின்னம் வானோடும் கடலோடும் கலந்து தெளிவாகத் தெரியாமையால் 2004-இல் மீண்டும் இடம்பெற்றது. 2022 செப்டம்பரில் அது நீங்க, சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோணச் சின்னம் அமைந்தது.

அயலார் வகுத்தவை அனைத்தையும் களைதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். பழமையைத் தொடுதலே தகாது என்பர் மறு சாரார். இரண்டும் முழு உண்மை அல்ல. கொடியில் பணியை உணர்த்தும் குறி வேறு. தலைமையை உணர்த்தும் குறி வேறு. செம்மை வணிகத்தையும் நீலம் அரசுப் பணியையும் அறிவிக்கின்றன. அவை கடலோடிகள் அறிந்த மொழி. அதனைப் பேசுவதால் எவரும் அடிமையாகார். பிறநாட்டின் சிலுவையோ பணியைக் கூறவில்லை. முன்னாள் ஆண்டோரையே நினைவூட்டியது. ஆதலின் அது நீங்கியது முறையே.

சிலுவைக் கொடியின் கீழ்தான் இந்தியக் கடற்படை 1971-ஆம் ஆண்டுப் போரில் வென்றது என்பது மெய்யே. ஆயினும் அவ்வெற்றி வீரர்க்கு உரியது. துணியின் கோலத்திற்கு உரியதன்று. கோலம் மாறினும் அப்புகழ் குறையாது.

வடசென்னைக் கரையில் நின்று கப்பலை நோக்கும் மாணவன் செந்நிறத்தைக் கண்டு நாண வேண்டுவதில்லை, மேல்மூலையை நோக்குக. அங்கே விளங்குவது மூவண்ணம்.