வானத்தின் மீது போட்ட வழக்கு

2007 ஜூன் 16 அன்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் ஒரு கட்டுரை எழுதினார். சூடானின் மேற்குக் கோடியில் உள்ள டார்ஃபூரில் அதற்குள் நான்கு ஆண்டுகளாக ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. கட்டுரை அதற்கொரு புதிய குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது: பருவநிலை மாற்றம். மழை பொய்த்தது, மேய்ச்சல் சுருங்கியது, அதுவரை அண்ணன் தம்பியாய்ப் பழகிய உழவர்களும் நாடோடி மேய்ப்பர்களும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள், இவ்வளவுதான் கதை. அரசியலுக்கும் பங்குண்டு என்பது அதில் ஒப்புக்குச் சப்பாணியாக வந்து போகிறது. உலகம் பிடித்துக்கொண்டதோ மழையை மட்டும்தான். ‘உலகின் முதல் பருவநிலைப் போர்’ என்ற பட்டம் டார்ஃபூரின் நெற்றியில் ஒட்டப்பட்டது. மாநாட்டு மேடைகளும் தொண்டு நிறுவன அறிக்கைகளும் ஆய்வு நிதி கேட்கும் விண்ணப்பங்களும் இன்றுவரை அதை ஓதிக்கொண்டிருக்கின்றன. நம் பட்டிமன்ற மேடைகளில் ‘மூன்றாம் உலகப் போர் தண்ணீருக்காகத்தான்’ என்று முழங்குவதும் இதே குடும்பத்துச் சங்கதிதான்.

இந்த வாதத்தின் பெரிய வசதி, குற்றம் சாட்டப்பட்டவர் ஒருபோதும் வாய் திறக்க மாட்டார் என்பது. மேகத்துக்குப் பிடியாணை அனுப்ப முடியாது. மழை எதிர்மனு போடாது. ஊர் மீது குண்டு போட்ட விமானம் யாருடையது, குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்து தீ வைத்தவனுக்குத் துப்பாக்கி கொடுத்தது யார் என்ற சங்கடமான கேள்விகளை எல்லாம் வானிலை நிலையத்தின் வாசலில் இறக்கிவைத்துவிடலாம். சூடானின் அன்றைய அதிபர் உமர் அல் பஷீரும் 2011இல் ‘கார்டியன்’ பேட்டியில், டார்ஃபூரில் நடப்பது வளங்களுக்கான பழைய பாரம்பரியச் சண்டைதான் என்றே சொன்னார். இனப்படுகொலைக் குற்றச்சாட்டில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தேடிக்கொண்டிருந்தவரும் ஐ.நா.வின் தலைவரும் ஏறத்தாழ ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்றால், அந்த விளக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் மழைக் கணக்கு. டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரில் 1946–75 சராசரியைவிட 1976–2005 சராசரி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இருக்கட்டும். ஆனால் முப்பது ஆண்டுச் சராசரியை முப்பது ஆண்டுச் சராசரிக்குப் பக்கத்தில் வைத்தால், மழை எப்போது குறைந்தது என்பது கணக்குக்குள் புதைந்துபோகும். சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கெவேனும் லெஸ்லி கிரேயும் 2008இல் ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மழை சட்டென்று கீழிறங்கியது 1970களின் தொடக்கத்தில். 1972 முதல் 2002 வரை அது ஏறியும் இறங்கியும் அதே மட்டத்தில்தான் நின்றது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் குறிப்பிடும்படியான சரிவு எதுவும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் இதேபோல மழை திடீரென இறங்கியதற்கும் போர் மூண்டதற்கும் உறவு இருக்கிறதா என்றும் தேடினார்கள். உருப்படியாக எதுவும் சிக்கவில்லை. 1972இல் குறைந்த மழை 2003இல்தான் ஆயுதம் எடுத்தது என்றால், அதற்குப் பொறுமை அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மக்கள்தொகை பெருகிவிட்டதே என்பார்கள். பெருகிய இடத்தில் எல்லாம் ஊர் எரிவதில்லை. பாலைவனம் தெற்கே நகர்கிறதே என்பார்கள். நகரட்டும், அதன் கையில் தீப்பந்தம் இல்லை. மேய்ப்பனும் உழவனும் காலங்காலமாகப் பகையாளிகள் என்பார்கள். அப்படியானால் மழை எதற்கு? ஒன்று ஆதிப் பகை, அல்லது மழை குறைந்ததால் வந்த புதுப்பகை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது ஆய்வுக்கு அழகல்ல.

வழக்கின் உயிர்நாடி நிலத்தில் இருக்கிறது. அதிலும், இந்த நிலம் யாருக்கு என்று தீர்ப்பு சொல்லும் அதிகாரத்தில். டார்ஃபூரை ஆண்ட ஃபூர் இனச் சுல்தான்கள் முத்திரையிட்ட ஆவணங்களின் மூலம் நிலத்தை மானியமாகக் கொடுத்தார்கள். அதற்கு ‘ஹக்கூரா’ என்று பெயர். 1916இல் சுல்தான் அலி தினாரைக் கொன்று டார்ஃபூரைச் சூடானோடு சேர்த்த பிரிட்டிஷார், ஒவ்வொரு இனக்குழுவுக்கும் ஒரு ‘தார்’, அதாவது தாயகப் பரப்பு, அதற்கொரு தலைவர் என்று இதைக் கெட்டிப்படுத்தினார்கள். தெற்கில் மாடு மேய்த்த ரிஸெய்காத்து அரபுகளுக்குத் தார் கிடைத்தது. வடக்கில் ஒட்டகம் மேய்த்த ரிஸெய்காத்துகளுக்குக் கிடைக்கவில்லை. ஒரே குலம், பெயரும் ஒன்றுதான். ஒரு கிளைக்கு நிலம், இன்னொன்றுக்கு வழி மட்டும். 2003இல் அரசு ஆயுதம் கொடுத்து ஏவிய ஜஞ்சவீதுப் படைக்கு ஆள் சேர்ந்தது பெருமளவு இந்த நிலமற்ற வடக்கிலிருந்துதான். தார் வைத்திருந்த தெற்கு ரிஸெய்காத்துகள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். வறட்சிதான் ஆள் திரட்டியது என்றால் அது நிலப்பதிவேட்டைப் பார்த்துப் பார்த்தல்லவா திரட்டியிருக்கிறது!

அந்தப் பழைய ஏற்பாடு நியாயமானது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அது நடைமுறையில் ஒரு வேலையைச் செய்தது. கம்பும் சோளமும் அறுத்து முடிந்த பிறகு எந்த நாளில் மந்தையை வயலுக்குள் விடலாம், எந்தப் பாதையில் ஓட்டிப் போகலாம், பயிரை மேய்ந்துவிட்டால் என்ன தண்டம் என்பதை இரு தரப்புத் தலைவர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். தஞ்சைப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் கீதாரிக்கும் நிலக்காரருக்கும் இருக்கும் உடன்படிக்கை போன்றதுதான் இது. தாளும் புல்லும் ஆட்டுக்கு, எருவும் மூத்திரமும் வயலுக்கு. அந்த நாளைக் குறிக்கவும் மீறியவனைக் கண்டிக்கவும் ஊர் ஏற்கும் ஒரு வாய் இருக்கும்வரை, மழை குறைந்தாலும் பேச்சு நடக்கும். அந்த வாய் அடைக்கப்பட்டால், நல்ல மழை பெய்த ஆண்டிலும் உழவன் பாதையின் குறுக்கே முள்வேலி போடுவான், மேய்ப்பன் அதை வெட்டுவான்.

அந்த வாயை அடைத்தது யார் என்பதற்கு அரசின் ஏடுகளிலேயே தேதி இருக்கிறது. 1970இல் சூடானை ஆண்ட ஜாஃபர் நிமெய்ரியின் அரசு, பதிவு செய்யப்படாத நிலம் அனைத்தும் அரசுடைமை என்று சட்டம் போட்டது. நகரங்களுக்கு வெளியே நிலப்பதிவு என்பதே அரிதாக இருந்த டார்ஃபூரில் இதன் பொருள், தலைமுறைகளாக உழுதவர் ஒரே நாளில் அரசின் தயவில் குடியிருப்பவர் ஆனார் என்பதுதான். 1971இல் பாரம்பரியத் தலைவர்களின் நிர்வாக முறை ஒழிக்கப்பட்டது. அந்த இடத்தில் வந்த மன்றங்களுக்குப் பணமும் இல்லை, ஊரார் மதிப்பும் இல்லை. 1980களில் சாட் நாட்டுப் போரை நடத்த லிபியா அனுப்பிய துப்பாக்கிகள் எல்லை தாண்டி வந்தன; 1987–89இல் ஃபூர்களுக்கும் அரபுக் குழுக்களுக்கும் மூண்ட போரில் வெடித்தவை அவைதான். 1994இல் டார்ஃபூர் மூன்று மாநிலங்களாக வெட்டப்பட்டது. ஃபூர் மக்கள் மூன்றிலும் சிறுபான்மை ஆனார்கள். 1995இல் மேற்கு டார்ஃபூரில் மசாலித் இனக்குழுவின் சுல்தானுடைய அதிகாரத்தைக் கூறுபோட்டு, அரபுக் குழுத் தலைவர்களுக்கு ‘அமீர்’ பட்டம் கொடுக்கப்பட்டது. மசாலித் நாடு அந்தப் பத்தாண்டு முடியும்வரை ரத்தத்தில் கிடந்தது. 2003 ஏப்ரலில் அரசை எதிர்த்த டார்ஃபூர் கிளர்ச்சியாளர்கள் எல் ஃபாஷர் விமானத் தளத்தைத் தாக்கியபோது, நிலமற்ற மேய்ப்பர் குழுக்களின் கையில் அரசு ஆயுதத்தைக் கொடுத்தது. விரட்டினால் நிலம் உனக்கு என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

இங்கே ஒரு மடக்குக் கேள்வி வரும். மழை குறைந்தது 1972இல், சட்டம் வந்தது 1970இல். மழை பழங்கதை என்றால் சட்டமும் பழங்கதைதானே? கேள்வி கூர்மையானதுதான், ஆனால் நிற்காது. மழை ஒருமுறை இறங்கி அங்கேயே நின்றது. அரசின் கை 1971, 1994, 1995, 2003 என்று திரும்பத் திரும்ப அதே புண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. 1984–85 பஞ்சத்தை டார்ஃபூரிலேயே இருந்து ஆராய்ந்து நூல் எழுதிய அலெக்ஸ் டி வால், மழைதான் குற்றவாளி என்ற பான் கி-மூனின் கட்டுரை வெளிவந்த அதே மாதத்தில் இதற்கு மறுப்பு எழுதினார். வளக்குறைவு மட்டும் போரை விளக்காது, முதல் பொறுப்பு அரசுடையது என்பது அவர் வாதம். மழை குறைந்ததால் வாழ்க்கை மாறியதை நேரில் பார்த்தவரே அதைப் போருக்குக் காரணமாக்க மறுக்கிறார். நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

பல்கலைக்கழகங்களே நிறுவியிருக்கின்றனவே என்பது அடுத்த கேடயம். டொரன்டோவின் தாமஸ் ஹோமர்-டிக்சன் 1990களில் தொடங்கிவைத்த ‘பற்றாக்குறையே வன்முறை’ மரபு இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 2009இல் மார்ஷல் பர்க்கும் சகாக்களும், வெப்பம் கூடுவதால் 2030க்குள் ஆப்பிரிக்காவில் உள்நாட்டுப் போர்கள் 54 விழுக்காடு கூடும் என்று கணித்தார்கள். மறு ஆண்டே ஆஸ்லோவின் ஹால்வார்ட் புஹாக், போர் என்பதற்கான அளவுகோலைச் சற்று மாற்றியதும் அந்த உறவு காணாமல்போவதைக் காட்டினார். 2018இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு இந்தத் துறையின் கட்டுரைகளையே எடுத்து ஆராய்ந்தது. ஏற்கெனவே சண்டை நடக்கும் நாடுகளையும், ஆய்வாளர் எளிதில் போய்வரக்கூடிய முன்னாள் பிரிட்டிஷ் காலனிகளையுமே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்பது அதன் முடிவு. வறட்சி இருந்தும் சண்டை மூளாத ஊருக்கு நிதி கேட்டு யார் போகப் போகிறார்கள்? மாறாக, மாலி நாட்டின் மொப்தி பகுதியில் நீதிமன்ற நில வழக்குகளைத் தோண்டிய டோர் பெஞ்சமின்சனும் சகாக்களும் 2012இல் கண்டது இன்னும் சுவையானது. மழை ஏறியிறங்குவதற்கும் வழக்கு எண்ணிக்கைக்கும் பெரிய உறவில்லை. மந்தை போகும் வழியை விளைநிலம் விழுங்கியது, அதிகாரம் யாரிடம் என்று தெரியாத வெற்றிடம், தகராறில் காசு பார்க்கும் அதிகாரிகள்: வழக்குக் கட்டுகள் சொன்ன காரணங்கள் இவை. நீதிமன்றத் தூசியைத் தட்டினால் கிடைக்கும் விடைக்காகச் செயற்கைக்கோள் படம் வாங்குகிறோம்.

இப்படி எழுதினால் பருவநிலை மாற்றமே பொய் என்பவர்களுக்குத் தீனி போட்டதாகாதா என்று நல்லெண்ணத்தோடு கவலைப்படுகிறவர்கள் உண்டு. ஆகாது. புவி சூடாவது உண்மை. சஹாராவின் தென் விளிம்பான சாஹேலின் உழவன் அதன் சுமையைச் சுமப்பதும் உண்மை. அந்த உண்மைக்கு வலுச்சேர்க்கக் கொலைகாரனுக்கு முன்ஜாமீன் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? இதனால் வரும் கேடும் சிறியதல்ல. நோய் மழை என்றால் மருந்து கிணறும் மரக்கன்றும். அவற்றைக் கொடையாளி நாடுகள் மனமுவந்து தரும். நோய் நில அதிகாரம் என்றால், விரட்டப்பட்டவரின் வயலில் இன்று யார் உழுகிறார், அதை எப்படி மீட்டுக் கொடுப்பது என்று கேட்க வேண்டிவரும். அதைக் கேட்கத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. அவரவர் வயலுக்குத் திரும்ப முடியாதவரை, விரட்டப்பட்டவர்கள் தங்கியிருக்கும் முகாமுக்குப் பக்கத்தில் வெட்டும் கிணறு முகாமை நிரந்தரமாக்கத்தான் உதவும்.

2023 ஏப்ரலில் சூடான் மறுபடி வெடித்தது. ஜஞ்சவீதின் வாரிசான விரைவு ஆதரவுப் படை அதே ஆண்டு மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனீனாவில் மசாலித் மக்களை வேட்டையாடியது. ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்ட எல் ஃபாஷரை 2025 அக்டோபரில் பிடித்து அங்கும் படுகொலை செய்தது. இடையில், 2024 ஆகஸ்டில், டார்ஃபூர் உட்படச் சூடான் முழுக்கப் பெருமழை கொட்டி வெள்ளம் பாய்ந்தது. வறட்சிக் கோட்பாட்டின்படி துப்பாக்கிகள் அந்த மாதமாவது சற்று ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. எல் ஃபாஷர் விழுந்த அதே 2025 அக்டோபரில் ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், 2003–04 கொடுமைகளுக்காக ஜஞ்சவீதுத் தளபதி அலி குஷைபைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு பிந்தினாலும் சட்டத்துக்கு ஆளின் பெயர் தெரிந்திருக்கிறது. இனி டார்ஃபூர் பற்றி ஆய்வேடு எழுத வருகிறவர், மழைமானியைத் தொடும் முன் 1970 முதலான நிலச் சட்டங்களை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். அதன் பிறகும் வானம்தான் குற்றவாளி என்று சொல்வாரானால், அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் யார் என்பதற்கும் அவர் பதில் வைத்திருக்க வேண்டும்.