கத்தி இல்லாமல் கரையுமா?

கத்தி இல்லை, காயம் இல்லை, தழும்பு இல்லை. வயிற்றுக்குள் ஒரு பலூன், அவ்வளவுதான், உடம்பு இளைத்துவிடும் என்ற ரீதியில் இப்போது விளம்பரங்கள் வருகின்றன. மூட்டு வலி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்போது, பருத்த உடம்புக்காரருக்கு இதைவிட இனிப்பான சேதி வேறு உண்டா? நீங்களோ உங்கள் வீட்டாரோ பணப்பையைத் திறப்பதற்கு முன், விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்துவிடுவோம், வாருங்கள்.

முதலில் கத்தி வைக்கும் முறையைப் பார்ப்போம். 1966-ல் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன், இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மேல்பாகத்தை மட்டும் குடலோடு இணைக்கும் ஆபரேஷனைச் செய்து காட்டினார். இன்று அதிகமாகச் செய்யப்படுவது, இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாக விட்டுவைப்பது. பலன் நன்றாகவே இருக்கிறது. 100 கிலோ எடையுள்ளவர் ஓரிரு வருஷத்தில் 25 கிலோ வரை குறைவதுண்டு. ஆனால் வெட்டி எடுத்ததை மறுபடி ஒட்ட வைக்க முடியாது. பயப்படாதவர் யார்?

"வயிற்றைக் கீறாமல், வாய் வழியாகவே வேலையை முடிக்கக் கூடாதா?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? வாய் வழியாக இரைப்பையை எட்டுவதும் லேசில் வந்த வித்தை அல்ல. 1868-ல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் அடால்ப் குஸ்மால் என்ற டாக்டர், நீண்ட உலோகக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்க ஆசைப்பட்டார். அதை விழுங்க யார் சம்மதிப்பார்கள்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்தார்! 1957-ல்தான் டாக்டர் பாசில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயைத் தம் தொண்டைக்குள்ளேயே விட்டுச் சோதித்தார். அதன் வழியில் வந்ததுதான் இன்றைய எண்டாஸ்கோப்.

பலூன் யோசனை பிறந்த கதையும் விசித்திரமானது. தலைமயிரைத் தின்னும் பழக்கமுள்ள சிலருக்கு அது இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு, பசியைக் கெடுத்துவிடும். அந்த உருண்டைக்குப் பதில் ஒரு பலூனை வைத்தால் என்ன என்று 1982-ல் டென்மார்க் டாக்டர்கள் எழுதினார்கள். 1985-ல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஒரு காற்றுப் பலூனுக்கு அனுமதி கொடுத்தது. ஜனங்கள் ஆவலோடு போனார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். சிலருக்கு இரைப்பையில் புண் கண்டது. சில பலூன்கள் காற்றிறங்கிக் குடலுக்குள் போய் அடைத்துக்கொண்டன. ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு சோதனையும் செய்தார்கள். பாதிப் பேருக்கு மெய்யான பலூன். மற்றவர்களுக்குக் குழாயை விட்டு எடுத்ததோடு சரி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரு சாராருக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு. முடிவில் பார்த்தால், எடை இறங்கியதில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை! இளைக்க வைத்தது பத்தியம்தான். 1988-ல் அந்தப் பலூனின் விற்பனை நின்றது.

இப்போதுள்ள பலூன் வேறு ரகம். வழவழப்பான சிலிக்கோன் பைக்குள் 400 முதல் 700 மில்லிலிட்டர் வரை உப்பு நீர் நிரப்புகிறார்கள். அதில் நீலச் சாயம் கலப்பதும் உண்டு. பலூன் கசிந்தால் சிறுநீரின் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இத்தகைய பலூனுக்கு அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. ஆறு மாதம் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். சராசரியாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

இன்னொரு முறை, எண்டாஸ்கோப் வழியாகவே இரைப்பையின் உட்சுவரைத் தையல் போட்டுச் சுருக்குவது. எதையும் வெட்டி எடுப்பதில்லை. அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2022-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு வருஷத்தில், தையல் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 13.6 சதவீதம் எடை குறைந்தார்கள். உணவு, நடையில் மட்டும் மாறுதல் செய்துகொண்டவர்கள் குறைந்தது 0.8 சதவீதம். பலூனைவிடக் கூடுதல், கத்தி ஆபரேஷனைவிடக் குறைவு.

வெளியே தழும்பில்லை என்பதால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். தையல் முறைக்கு முழு மயக்க மருந்து வேண்டும். பலூன் வைத்த முதல் சில நாட்கள் குமட்டலும் வாந்தியும் ஆளைப் படுத்திவிடும். அபூர்வமாக இரைப்பையில் ஓட்டை விழுவதும் உண்டு. 2017-ல் அமெரிக்க இலாகா, பலூன் வைத்த சிலர் இறந்ததைக் குறித்து டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. முன்பே இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் பலூன் பக்கமே போகக் கூடாது.

ஆகவே, டாக்டரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்தச் சிகிச்சையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நடு ராத்திரியில் வலி வந்தால் யார் பார்ப்பார்கள்? பலூனை எடுத்த பிறகு, சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு வழி சொல்ல யார் இருப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். ஏனென்றால் பலூன் கொடுப்பது ஆறு மாதத் தவணைதான். அதற்குள் நாக்கும் வயிறும் புதுப் பழக்கத்துக்கு வராவிட்டால், இறங்கிய எடை மெள்ளத் திரும்பி வந்துவிடும்.

அந்தப் பழக்கத்தை ஒருவர் தனியாகக் கற்க முடியாது. வீட்டில் எல்லோருக்கும் பூரியும் அவருக்கு மட்டும் கஞ்சியும் என்றால் எத்தனை நாள் தாங்கும்? ஆறு மாதத்துக்கு வீடு முழுவதும் ஒரே சமையல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். "இன்னும் ஒரு கரண்டி" என்று அன்போடு வற்புறுத்தும் நம் உபசாரத்தையும் அதுவரை கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம்.