எரிமலை பார்க்கப் போறீங்களா? 'வியூ' பார்த்து ரூம் போடாதீங்க!

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். வெடி வைக்கும் முன் சைரன் ஊதினால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். மாடு மேய்ப்பவர் மாட்டைத் திருப்பி ஓட்டுவார். பைக்கில் வருபவர் ஓரமாக நிறுத்திவிடுவார். கல் எவ்வளவு தூரம் பறக்கும் என்று சரியாக யாருக்கும் தெரியாது. அதனால்தான் தள்ளி நிற்கிறார்கள்.

இதே ஊர்ப் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூருவிலும் சம்பாதிக்கிறார்கள். லீவு என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்ற காலம் போய், பாலி வரை போகிறார்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட் பக்கம்தான். அங்கிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர், பிறகு பாலி. அந்த பிளானில் எப்படியும் ஒரு எரிமலை இருக்கும். ஆனா, ரூம் புக் பண்ணும்போது மட்டும் சைரன் கற்றுக்கொடுத்த பாடம் மறந்துபோகிறது. ஜன்னலைத் திறந்தால் எரிமலை தெரியணும், பால்கனியில் காபியோடு ஒரு ரீல்ஸ் எடுக்கணும். தேர்வு அதோடு முடிந்துவிடுகிறது.

எரிமலையைப் பார்க்கப் போவதில் தப்பே இல்லை. ஆனால் மலை ஏறி, பார்த்து, இறங்க அரை நாள் போதும். அந்த நேரத்தில் கண் விழித்திருக்கும், கூடவே கைடு இருப்பார். ராத்திரி அப்படி இல்லை. தெரியாத ஊர், தெரியாத பாஷை, இருட்டு, தூக்கம். அதனால் எங்கே ஏறுவது என்பதைவிட எங்கே படுப்பது என்பதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்வியே இல்லை

இந்தியாவில் இப்போது உயிருடன் இருக்கும் ஒரே எரிமலை அந்தமானின் பாரன் தீவு. போர்ட் பிளேர் என்று இருந்து, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அடங்கிப்போய், 150 ஆண்டுகளுக்கும் மேல் அமைதியாகக் கிடந்த மலை, 1991-ல் மறுபடி வெடித்தது. அதன்பிறகு அவ்வப்போது புகைந்துகொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பரிலும் சிறிய அளவில் வெடித்தது.

அந்தத் தீவில் மனிதர்கள் வசிக்கவில்லை. ஹோட்டலும் கிடையாது. பயணிகள் படகில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தங்குவதற்கு ஸ்ரீ விஜயபுரம் அல்லது ஹேவ்லாக் என்ற சுயராஜ் தீவு. நம்ம நாட்டில் 'எங்கே தங்கலாம்' என்ற முடிவைப் பயணியிடம் விடவே இல்லை. இந்தோனேசியாவில் அப்படி அல்ல. பாலியின் பத்தூர் மலையில், பழைய எரிமலைப் பள்ளத்துக்கு உள்ளேயே, ஏரிக்கரையில் ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கே முடிவு எடுப்பது பயணிதான்.

சைரன் எப்போதும் ஊதாது

'டேஞ்சர்னா அரசாங்கமே சொல்லிடுமே' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதி உண்மை.

2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒன்டாகே எரிமலை வெடித்தபோது, அதன் எச்சரிக்கை நிலை மிகக் குறைந்த 1. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 63 பேர். 2019 டிசம்பர் 9-ல் நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் டூருக்குப் போன 47 பேரில் 22 பேர் உயிரிழந்தார்கள். 2023 டிசம்பர் 3-ல் சுமத்ராவின் மராபி மலையில் 24 பேர். நிலத்தடி நீர் திடீரென ஆவியாகி வெடிப்பது போன்ற சம்பவங்களை முன்கூட்டியே சொல்வது விஞ்ஞானிகளுக்கே கஷ்டம்.

இவர்கள் எல்லாம் மலை மேலே இருந்தவர்கள். கீழே ரூமில் இருந்தால் சேஃப்தானே என்று கேட்கலாம். அதுவும் எப்போதும் உண்மை இல்லை.

1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது, உச்சியில் இருந்த பனி உருகி, சாம்பலோடு சேர்ந்து சேறாகி ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே பாய்ந்தது. பல பத்து கி.மீ. தள்ளி இருந்த ஆர்மேரோ நகரம் புதைந்தது. மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள்.

2018 டிசம்பர் 22, சனிக்கிழமை இரவு. இந்தோனேசியாவின் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தது. நிலநடுக்கம் இல்லாததால், அதை நம்பியிருந்த சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் சொல்லவில்லை. கடற்கரை ரிசார்ட் ஒன்றில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே அலை வந்தது. 400-க்கும் மேற்பட்டோர் பலி. எரிமலையிலிருந்து தள்ளித்தான் தங்கியிருந்தார்கள். ஆனா, கடலை ஒட்டித் தங்கியிருந்தார்கள். 2004-ஐப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, அப்போ எங்கே தங்குவது?

முதலில், எச்சரிக்கை நிலை. இந்தோனேசியாவில் நான்கு நிலைகள்: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். எந்த மலை எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை கி.மீ. உள்ளே போகக்கூடாது என்பதை 'மேக்மா இந்தோனேசியா' என்ற அரசு தளத்தில் பார்க்கலாம். ரூம் அந்த வட்டத்துக்கு வெளியே நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். வட்டம் 3 கி.மீ. என்றால் மூன்றரையில் ரூம் போடுவது புத்திசாலித்தனம் இல்லை. நிலை ஒரு படி ஏறினால் வட்டமும் பெரிதாகலாம்.

இரண்டாவது, பள்ளம். மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் ஓரமோ, பள்ளத்தாக்கின் அடியோ வேண்டாம். சேறும் நெருப்புச் சாம்பலும் பெரும்பாலும் அந்த வழியைத்தான் பிடிக்கும். மேட்டில் இருக்கும் சாதாரண லாட்ஜ், ஆற்றங்கரை சொகுசு வில்லாவைவிட மேல்.

மூன்றாவது, ரோடு. கிளம்ப இரண்டு வழி இருக்கிறதா என்று மேப்பில் பார்க்க வேண்டும். செக்-இன் பண்ணும்போது ஓனரிடம், 'அண்ணா, திடீர்னு கிளம்பச் சொன்னா எந்தப் பக்கம் போகணும்?' என்கிற மாதிரி ஒரு கேள்வி. உடனே பதில் வந்தால் நல்ல இடம். சிரித்து மழுப்பினால், ஒரு ராத்திரியோடு கிளம்பிவிடுவது நல்லது.

நான்காவது, பர்ஸ். எரிமலை ஆளைத் தொடாமலேயே செலவு வைக்கும். 2024 நவம்பரில் ஃப்ளோரஸ் தீவின் லெவோடோபி வெடித்தபோது, சுமார் 800 கி.மீ. தள்ளி இருக்கும் பாலியில் விமானங்கள் ரத்தாயின. 2025 ஜூனில் அதே மலை வெடித்ததில், டெல்லியிலிருந்து பாலி கிளம்பிய ஏர் இந்தியா விமானம் பாதியில் திரும்பியது. கேன்சல் பண்ணினால் பணம் திரும்பி வரும் ரூம், கையில் ஒரு உபரி நாள், எரிமலையால் வரும் தாமதத்துக்கும் பொருந்தும் இன்சூரன்ஸ், இந்த மூன்றும் அவசியம். மலை புகைய ஆரம்பித்த பிறகு எடுத்த பாலிசி கைகொடுக்காமல் போகலாம் என்பதையும் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே வாழ்பவர்களுக்கு என்ன பதில்?

'எல்லாரும் தள்ளித் தங்கினா, அடிவாரத்து மக்கள் பிழைப்பு என்ன ஆகும்?' நியாயமான கேள்வி. சிமென்ட் ஆலைத் தூசியோடு குடும்பம் நடத்தும் அரியலூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஆபத்து தெரிந்தும் ஒரு ஊரில் மனிதர்கள் வாழ்வது, அவர்கள் நிலமும் வேலையும் அங்கே இருப்பதால். பயணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதோடு, ஊர்க்காரருக்கு ஓட வேண்டிய வழி தெரியும். இரண்டு நாள் தங்க வந்தவருக்கு எதுவும் தெரியாது. அவரைத் தேடி இருட்டில் கிளம்பப்போவதும் அதே ஊர்க்காரர்தான். உதவ வேண்டும் என்றால் உள்ளூர் கைடைப் பேசலாம், உள்ளூர்க் கடையில் சாப்பிடலாம், பேரம் பேசாமல் காசு கொடுக்கலாம். மலை நார்மல் நிலையில் இருந்து, ஓனரிடம் தெளிவான பதில் இருந்தால் அங்கேயே ஓர் இரவு தங்கவும் செய்யலாம்.

புக்கிங் ஆப்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. காலை டிபன் உண்டா, நீச்சல் குளம் உண்டா என்று பெரிய எழுத்தில் சொல்கிறார்கள். எரிமலை வியூவை விற்கிறார்கள். அன்றைய எச்சரிக்கை நிலையையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போட என்ன தடை? தகவல் அரசு தளத்திலேயே கிடைக்கிறது. போடும் வரை, அதைத் தேடிப் பார்க்கும் வேலை பயணியுடையது.

சுரங்கத்துச் சைரனுக்குப் பைக்கை ஓரம் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுப் பாடம் இல்லை. பால்கனியில் இருந்து எரிமலை தெரியாவிட்டால் ஒரு ரீல்ஸ் குறையும். அவ்வளவுதான்.