மலைமேல் ஒரு மளிகைக் கடை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் வழியிலுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போவது வழக்கம். அதே வளைவுகளைச் செலவுக் கணக்காக எண்ணுகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் சேர்வராயன் மலையில் குடியிருப்பவர்கள். மலையிலே காப்பி விளைகிறது, மிளகு விளைகிறது. ஆனால் காப்பிக்குச் சர்க்கரையும், மிளகுக்குத் துணையாக உப்பும் பருப்பும் கீழேயிருந்து ஏறி வந்தாக வேண்டும். ஆகையால், நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ ஒருவர் தம் வீட்டு முன்புறத்தில் நாலு டப்பாக்களையும் ஒரு தராசையும் வைத்து வியாபாரம் தொடங்கினால், அது அக்கம் பக்கத்துக் குடும்பங்களுக்கெல்லாம் பெரிய உபகாரம்.

அவ்விதம் கடை திறக்க எண்ணுகிறவர் மூலதனத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடுகிறார். "லைசென்ஸ் வாங்க வேண்டுமாமே!" என்று யாராவது சொன்னதும்தான் அவருக்குக் கால் தள்ளாடுகிறது.

இந்தப் பயத்துக்குச் சரித்திரக் காரணம் உண்டு. இரண்டாவது உலக யுத்த காலத்திலும் அதன் பின்னரும் சென்னை ராஜ்யத்தில் உணவு தானியங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. யார் விற்கலாம், எங்கிருந்து எங்கே கொண்டுபோகலாம் என்பதெல்லாம் உத்தரவுச் சீட்டில் அடங்கியிருந்தன. சீட்டு உள்ளவர் பாக்கியசாலி. இல்லாதவர் வாசலில் நிற்க வேண்டியவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்த ராஜாஜி, 1952 ஆம் வருஷம் சென்னையின் முதல் மந்திரியானதும், ஜூன் மாதத்திலேயே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். பின்னர் 1959 இல் சுதந்திராக் கட்சியைக் கண்ட அவர், பெர்மிட் - லைசென்ஸ் ராஜ்யம் என்று இட்ட பெயர் தேசமெங்கும் பரவிற்று.

நிற்க. லைசென்ஸ் என்னும் ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் உலவுகின்றன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, "நாம் அனுமதிக்கும் வரையில் நீ விற்காதே" என்று கதவைச் சாத்துவது. மற்றொன்று, "நீ யார்? எங்கே விற்கிறாய்? உன் சரக்கை உண்டவருக்குத் தீங்கு நேர்ந்தால் யாரைக் கேட்பது?" என்று விசாரித்துக் கதவில் பெயர்ப் பலகை மாட்டுவது. முன்னது ஒழிய வேண்டியது. பின்னது இருக்க வேண்டியது; அத்துடன் சுலபமாகக் கிடைக்கவும் வேண்டியது.

2006 ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் பின்னதைச் சேர்ந்தது. அதன்கீழ் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்த விதிகள், ஆண்டு வியாபாரம் 12 லட்ச ரூபாய்க்கு மேற்படாத சிறு கடைக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு ஒன்றே போதும் என்றன. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தன. பிற்காலத்து மாறுதல்களை மனுச் செய்யும்போது விசாரித்துக்கொள்வது நலம். அவ்விதிகளில் நமக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. மனு கிடைத்த 7 நாளைக்குள் அதிகாரி பதிவு தர வேண்டும், அல்லது காரணம் காட்டி மறுக்க வேண்டும், அல்லது கடையைப் பார்வையிட வருவதாகத் தெரிவிக்க வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டாலும், பார்வையிடுவதாகச் சொல்லி 30 நாளைக்குள் முடிவு தெரிவிக்காவிட்டாலும், சிறு வியாபாரி கடையைத் திறந்துவிடலாம். சர்க்காரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் சட்டம் அபூர்வமல்லவா? இதை மலைக் கிராமங்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அடுத்தது தராசு. மின்சாரத் தராசை ஆண்டுக்கு ஒரு முறையும், படிக்கற்களையும் பழைய தட்டுத் தராசையும் 2 ஆண்டுக்கு ஒரு முறையும் சோதித்து முத்திரை பெற வேண்டும். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகள் தமிழ்நாட்டில் கூடாது. துணிப்பையும் காகிதமும் போதும்.

"நாலு டப்பா கடைக்கு இவ்வளவு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியும் ஈரமும் மளிகைச் சரக்குக்குப் பரம விரோதிகள். தரையில் கிடக்கும் மூட்டையில் நிலக்கடலை பூசணம் பிடித்தால், அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முழுவதும் போவதில்லை. சரக்கைத் தரைக்கு மேலே, சுவரை ஒட்டாமல், உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லும் விதி நம் குழந்தைகளுக்காக ஏற்பட்டது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இம்மலையின் பழங்குடியினரான மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அரிசி பருப்பைக் கடனுக்குக் கொடுக்கும் வியாபாரியிடமே விளைந்ததை விற்க வேண்டியிருந்தால், விலையை நிர்ணயிப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. இதை உணர்ந்துதான், 1971 இல் நியமிக்கப்பட்ட பாவா குழு, பழங்குடி மக்களுக்குக் கடன், விளைபொருள் விற்பனை, வீட்டுச் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தும்படி யோசனை கூறியது. லேம்ப்ஸ் சங்கங்கள் அவ்விதம் பிறந்தவை. சங்கத்தோடு, கிராமத்தாரே நடத்தும் சிறு கடையும் சேர்ந்தால் அந்தக் கட்டு இன்னும் தளரும்.

2025 ஜூலையில் கிராம ஊராட்சிக் கடைகளுக்கும் தொழில் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் புதிய விதிகள் வெளியாயின. சிறு வியாபாரிகள் ஆட்சேபித்ததன் பேரில் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. மறுபடி யோசிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்கட்டும். ஒரு பதிவுக்கு ஓர் அலுவலகம், ஒரு முத்திரைக்கு வேறோர் அலுவலகம் என்று அலைய வைத்தால், 100 ரூபாய்ப் பதிவுக்குப் பஸ் செலவும் நாட்கூலி நஷ்டமும் அதைவிட அதிகமாகிவிடும். மாதம் ஒரு நாள் உணவுப் பாதுகாப்பு உத்தியோகஸ்தரும் எடையளவு உத்தியோகஸ்தரும் சேர்ந்து மலைமேல் வந்து ஒரே மேஜையில் வேலையை முடித்துக் கொடுக்கலாம். சட்டமும் காப்பாற்றப்படும், கடையும் திறக்கும்.

வாங்குகிறவர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. கடைச் சுவரில் 14 இலக்கப் பதிவு எண் மாட்டியிருக்கிறதா, தராசில் இவ்வருஷத்து முத்திரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையை நீட்டினால், உத்தியோகஸ்தர் நூறு முறை சோதிப்பதைவிட அதிகப் பலன் உண்டாகும்.